காற்றைக் கூட்டும் முன்

கண்ணு, கழிவுநீர் நிலையத்தில் ஃபிட்டராகச் சேர்ந்திருக்கிறாய். முப்பது வருடம் இதே பம்புகளைக் கழற்றி மாட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றுக்குள் ஒரு சொட்டுக் கழிவும் போகாது என்றால்தான் மீண்டும் ஓட்டலாம் என்ற நிலை வந்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் சாயம் போடும் வேலையும் சேறு பிழியும் வேலையும் ஒன்றையொன்று நம்பித்தான் ஓடுகின்றன. அந்தச் சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸுக்குள் தள்ளுவது பல இடங்களில் டயாபிரம் பம்ப். உன் கைக்கு முதலில் வரப்போவதும் அதுதான்.

1. ஓடுகிற பம்பைத் தொடுவதற்கு முன், ஓடாத ஒன்றைக் கழற்றிப் பார். கொல்லன் பட்டறைத் துருத்தியை நீ பார்த்திருந்தால் பாதி விளங்கிவிடும். இங்கே இரண்டு துருத்தி, முதுகோடு முதுகாக. நடுவில் ஒரு ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் தட்டு அகல ரப்பர். அந்த ரப்பர்தான் டயாபிரம். இடப்பக்க ரப்பரின் முதுகில் காற்று ஏறினால் அது முன்னே தள்ளி, அந்த அறையில் இருக்கும் சேற்றை மேலே அனுப்புகிறது. அதே நேரத்தில் ஷாஃப்ட் வலப்பக்க ரப்பரைப் பின்னுக்கு இழுக்க, அந்த அறை கீழிருந்து சேற்றை உறிஞ்சுகிறது. ஓட்டம் முடியும் இடத்தில் ஏர் வால்வ் புரண்டு, காற்றை மறுபக்கம் திருப்புகிறது. அறைக்கு இரண்டாக நான்கு பால்கள். போன சேறு திரும்பி வராமல் பார்ப்பது அவற்றின் வேலை. மோட்டார் இல்லை, சுற்றும் ஷாஃப்டைச் சுற்றி ஒழுகும் சீல் இல்லை. அமெரிக்காவில் ஜிம் வில்டன் என்பவர் 1955இல் உருவாக்கிய அமைப்பு இது. உள்ளே இருக்கும் தத்துவம் இன்றுவரை அதேதான்.

2. எத்தனை காற்றோ அத்தனை அழுத்தம். 5 பார் காற்று கொடுத்தால் டெலிவரியில் 5 பாருக்கு மேல் வராது. டெலிவரி வால்வை மூடினால் பம்ப் அப்படியே நிற்கும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். எதுவும் எரியாது, எதுவும் உடையாது. இந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் புதுப் பையன்கள் ஏமாறுகிறார்கள். சேறு வருவது குறைந்தால் ஓடிப்போய்க் காற்று ரெகுலேட்டரைத் திருகுகிறார்கள். பம்பும் வேகமாக அடிக்கும், சத்தமும் கூடும், சேறு மட்டும் கூடாது. ரப்பர் தேயும், கம்ப்ரஸர் மூச்சு வாங்கும், மின்கட்டணம் ஏறும். காற்றைக் கூட்டும் முன் காரணத்தைத் தேடு. நான் உனக்குச் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

3. காற்றைக் கூட்டவே வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பிரஸ். முதல் நிமிடத்திலேயே முழு அழுத்தத்தில் தள்ளினால் நைசான சேறு துணியின் கண்களை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு தள்ளினாலும் தண்ணீர் பிரியாது. 2 பாரில் தொடங்கு. துணிமேல் ஒரு படலம் படியட்டும். வடிந்து வரும் தண்ணீர் தெளிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 5, 6 பாருக்குக் கொண்டு போ. ஆரம்பத்தில் படபடவென்று அடித்த பம்ப், கட்டி இறுக இறுகத் தானாகவே நிதானமாகும். கடைசியில் ஒரு அடி அடித்துவிட்டு, நீ பத்து எண்ணும்வரை சும்மா இருக்கும். பிறகு இன்னொரு அடி. பம்ப் படுத்துவிட்டது என்று நினைக்காதே. பிரஸ் நிறைந்துவிட்டது என்று உன்னிடம் சொல்கிறது.

சென்ட்ரிபியூகல் பம்பை ஏன் வைக்கவில்லை என்று கேட்பாய். பாலிமர் போட்டுத் திரளவைத்த சேறு தயிர் மாதிரி. வேகமாகச் சுழலும் இம்பெல்லர் அதை மோராக்கிவிடும். இந்தப் பம்ப் திரளை உடைக்காமல் ஏந்திக்கொண்டு போகிறது. பழக்கூழையும் பீங்கான் களியையும் ஏற்றவும் இதை வைப்பதுண்டு.

4. காதை வை. நல்ல பம்பின் சத்தம் சீரானது, டக்-டக், டக்-டக். ஒரு பக்கம் சட்டென்றும் மறுபக்கம் நிதானமாகவும் அடித்து நொண்டினால், அடைக்காத பால் எந்தப் பக்கம் என்று தேடு. நம் ஊரில் காரணம் அநேகமாகப் பஞ்சுதான். பனியன் துணியிலிருந்து கழன்ற இழைகள் தண்ணீரோடு வந்து, திரிபோல் முறுக்கிக்கொண்டு, பாலுக்கும் சீட்டுக்கும் நடுவே கிடக்கும். விரலால் எடுத்தால் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அவ்வளவுதான், அந்த அறை தள்ளுகிற சேற்றில் பாதி திரும்பக் கீழேயே போய்விடும். பாலைக் கையில் உருட்டிப் பார். குழி விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரலுக்குத் தெரியும். ஊதியிருக்கிறதா என்பது தெரியாது. அதற்குப் புதுப் பால் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அள.

5. டெலிவரியில் குமிழி வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சக்‌ஷன் குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது ரப்பர் கிழிந்திருக்கிறது. வேலை முடிந்த காற்று வெளியேறும் சைலன்சரைத் தொட்டுப் பார். சாயமோ சேறோ கசிந்திருந்தால் ரப்பர்தான். உடனே நிறுத்து.

6. சைலன்சர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முதல் நாளே கவனி. ஓர் ஆலையில் அமிலம் ஏற்றும் பம்பின் சைலன்சரை நடைபாதை பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நானும் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் ரப்பர் கிழிந்தது. காற்றோடு அமிலமும் பீறிட்டு எதிர்ச்சுவர் வரை அடித்தது. அந்த நேரம் அங்கே யாரும் இல்லை. சுவரில் சுண்ணாம்பு பொரிந்து நுரைத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அமிலம், காஸ்டிக் பம்ப் என்றால் வெளிக்காற்றைக் குழாய் போட்டு, ஆள் நடமாடாத இடத்துக்கு, தொட்டியின் திரவ மட்டத்துக்கும் மேலே கொண்டு போ.

7. சித்திரை வெயிலிலும் சைலன்சரில் பனி பூக்கும். அழுத்தத்தில் இருந்த காற்று திடீரென்று விரியும்போது குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் உறைகிறது. சுடுதண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்துக்குத்தான் சரியாகும். காலையில் வந்ததும் கம்ப்ரஸர் தொட்டியின் அடித்தண்ணீரை வடி, ஃபில்டர் கிண்ணத்தையும் காலி செய். காற்றில் எண்ணெய் விடலாமா என்பதைப் பம்போடு வந்த புத்தகத்தைப் பார்த்து முடிவு செய். எண்ணெய் வேண்டாம் என்கிற பம்புகளும் உண்டு.

8. ரப்பர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. இதில் யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டாதே. ஈபிடிஎம் காஸ்டிக்கைத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், அசிட்டோனில் கெட்டுவிடும். விட்டான் விலை கூடியது, அதற்கும் அசிட்டோன் ஆகாது. டெஃப்ளான் அநேகமாக எதையும் தாங்கும், ஆனால் வளையும் குணம் குறைவு, முதுகுக்கு ஒரு ரப்பர் துணை வேண்டும். ஸ்டோரில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றிய பம்ப் அடுத்த ஷிஃப்டுக்காரன் தலையில் விடியும்.

பெயின்ட், மை ஆலைகளுக்குப் போனால் இன்னும் கவனம். தீப்பிடிக்கும் சால்வென்ட்டுக்குச் சாதாரணப் பாலிப்ரொப்பிலீன் பம்ப் கூடாது, நிலைமின்சாரம் தேங்கிவிடும். உலோகப் பம்பாக இருந்தாலும் எர்த் கம்பி மாட்டாமல் ஓட்டாதே. மெத்திலீன் குளோரைடை அலுமினியப் பம்பில் ஏற்றவே ஏற்றாதே, வெடிக்கும் ஆபத்து உண்டு.

9. சத்தமில்லாத பம்ப் நின்றுபோன பம்ப் அல்ல. வால்வ் மூடியிருப்பதால் உள்ளே காற்றும் சேறும் முழு அழுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கலாம். காற்றை மூடு, லைனில் மிச்சமிருப்பதை வெளியேற்று, டெலிவரி அழுத்தத்தை இறக்கு. கிளாம்பில் ஸ்பேனர் வைப்பது அதற்குப் பிறகுதான். பிளாஸ்டிக் பம்பை மாட்டி முடித்ததோடு வேலை தீராது. ஒரு நாள் ஓடியபின் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இன்னொரு முறை இறுக்கு. பிளாஸ்டிக் அழுந்தி, இறுக்கம் தளர்ந்திருக்கும்.

10. கிழிந்த ரப்பரைக் குப்பையில் போடாதே. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். மடிப்பில் வட்டமாக வெடித்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, குறையில்லை. ஊதி மெத்தென்று இருந்தால் ரசாயனத்துக்கு ஒவ்வாத ரப்பர். நடுத்தட்டின் ஓரத்தில் நறுக்கினாற்போல் கிழிந்திருந்தால் காற்று அதிகம், அல்லது சக்‌ஷன் பக்கத் தொட்டி மிக உயரத்தில் இருக்கிறது. உள்ளே வரும் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்குள் இருப்பது நல்லது. பார்த்து முடித்ததும் மாட்டிய தேதி, கழற்றிய தேதி, பம்பின் எண், காற்றின் அழுத்தம் நான்கையும் ரப்பரின் முதுகிலேயே மார்க்கரால் எழுதி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டு. என்னுடையவை பதினாறு அங்கே தொங்குகின்றன. பதினேழாவது ஆணியை நேற்றே அடித்துவிட்டேன்.