பியானோவிலிருந்து ஆர்கெஸ்ட்ராவுக்கு

கேள்வி: பியானோவுக்கு எழுதிய இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றுவது வெறும் பிரதியெடுக்கும் வேலைதானே? அதற்கு ஏன் இவ்வளவு பெருமை?

பதில்: நிச்சயமாக இல்லை. பியானோ கட்டையை அழுத்திய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலினிலோ அதை நீட்டலாம், நீட்டும்போதே பெருக்கலாம். ஊதும் வாத்தியக்காரருக்கு மூச்சு வாங்க இடம் விட்டு எழுத வேண்டும். பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு, ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி எழுத வேண்டும்.

இவையெல்லாம் இலக்கணம். எந்த மெட்டை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் கலை இருக்கிறது. ரஷ்யரான முசோர்க்ஸ்கி 1874-இல் 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' என்ற தொகுப்பைப் பியானோவுக்கு எழுதினார். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கூசெவிட்ஸ்கி கேட்டுக்கொண்டதால் 1922-இல் பிரெஞ்சுக்காரரான ரவேல் அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். தொடக்க மெட்டை ஒற்றை டிரம்பெட்டிடம் ஒப்படைத்தார். பழைய கோட்டையைப் பற்றிய பகுதியை, ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமாக இடம்பெறாத ஆல்டோ சாக்ஸபோன் பாடுகிறது. அந்த ஏக்கத்தை வேறெந்த வாத்தியமும் தந்திருக்காது என்பேன். பாரமேற்றிய மாட்டுவண்டி வரும்போது டியூபா முனகுகிறது. மெட்டு முசோர்க்ஸ்கியுடையது, வண்ணம் ரவேலுடையது.

முதலில் பியானோ வடிவத்தைக் கேளுங்கள். அதே நாளில் ரவேலின் வடிவத்தையும் கேட்டுவிடுங்கள்.