மேசை உண்டா என்று கேட்டு அறை எடுங்கள்

வேலை நிமித்தமாக வெளியூர் போகிறவருக்கு ஓட்டல் அறையில் மூன்று காரியங்கள் உண்டு: குளிக்க வேண்டும், தூங்க வேண்டும், மறுநாள் வேலைக்கான கணக்கையோ அறிக்கையையோ முடிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் வேண்டியதை எந்த ஓட்டலும் மறப்பதில்லை. மூன்றாவதற்கு வேண்டிய மேசையும் முதுகு சாயும் நாற்காலியும்தான் புதிதாகக் கட்டப்படும் அறைகள் பலவற்றில் காணாமல் போகின்றன. கிளைத் தணிக்கைக்குப் போகும் ஆடிட்டர், அன்றன்றைய ரிப்போர்ட்டை இரவே அனுப்பியாக வேண்டிய மெடிக்கல் ரெப், துணி மாதிரிகளோடு டெல்லிக்குப் போகும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் என எல்லோரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு குனிகிறார்கள். அறைக்குள் போன பிறகு ரிசப்ஷனைக் கூப்பிட்டுக் கோபப்படுவதில் பயன் குறைவு. ஏசி உண்டா, வைஃபை உண்டா, காலைச் சாப்பாடு சேர்த்தியா என்றெல்லாம் கேட்டு அறை எடுக்கும் நாம், மேசை மட்டும் அறையோடு தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். யாரும் கேட்காத பொருளைத்தான் ஓட்டல்காரர் முதலில் குறைப்பார். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, அளவோடு, எழுத்தில் மேசையைக் கேட்டு வாங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கேட்டால் கிடைக்கும் என்பது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. அமெரிக்காவின் மேரியட் நிறுவனம் 1983-இல் முதல் கோர்ட்யார்டு ஓட்டலைத் திறப்பதற்கு முன், வேலைப் பயணிகளிடம் விரிவான ஆய்வு ஒன்றை நடத்தியது. அறை, சாப்பாடு, பாதுகாப்பு என 50 அம்சங்களை 167 நிலைகளாகப் பிரித்து, எதற்கு எவ்வளவு கூடுதல் வாடகை தருவீர்கள் என்ற கணக்கோடு பயணிகளின் விருப்பத்தை அளந்தார்கள். ஜெர்ரி விண்ட், பால் கிரீன் முதலியோர் 1989-இல் வெளியிட்ட அந்த ஆய்வுக் கட்டுரை இன்றும் சந்தையியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. அப்படிக் கேட்டுக் கட்டிய அறையில் வேலை செய்வதற்கான மேசை இடம்பெற்றது. பிறகு காற்று மாறியது. 2008-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் தொடங்கிய சிட்டிசன்எம், அறையைச் சுமார் 150 சதுர அடிக்குச் சுருக்கி, வேலை பார்க்கிற இடத்தை லாபிக்குக் கொண்டுபோனது. 2014-இல் மிலான் விமான நிலையத்தில் தொடங்கிய மாக்ஸி ஓட்டல்களிலும் அறை சிறியது, லாபி பெரியது. இளைஞர்கள் கட்டிலிலும் சோபாவிலும் லேப்டாப்பை வைத்தே வேலை பார்க்கிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2015-இல் சார்லட் நகரத்து மேரியட் ஓட்டல் ஒன்றின் புதுப்பித்த அறையில் மேசை இல்லாததைக் கண்டு, டான் வெட்செல் என்ற விளையாட்டுப் பத்தியாளர் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பயணிகளிடம் அதுவரை உள்ளுக்குள் இருந்த எரிச்சல் அதன் பிறகுதான் செய்தியானது. 1983-க்கு முன் பயணிகளைக் கேட்டார்கள், மேசை வந்தது. பின்னால் அவர்களுக்காகத் தாங்களே ஊகித்தார்கள், மேசை போனது.

அறை தேடும் முன் உங்களுக்கு எது தேவை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்போடு ஒரு நோட்டும் சில பில்களும் விரிக்க வேண்டுமானால் 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பரப்பு வேண்டும். உயரம் 28 முதல் 30 அங்குலம் இருந்தால் முழங்கை மடங்கி, தோள் தூக்காமல் தட்டச்சு செய்யலாம். சோபா முன்னால் போடும் டீப்பாய் 16 முதல் 18 அங்குலம்தான் இருக்கும். காபி வைக்க அது போதும், வேலைக்கு உதவாது. முழங்கால் உள்ளே போக இடம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. டிவிக்குக் கீழே இருக்கும் மூடிய அலமாரியின் மேல்பலகை மேசை மாதிரியே தெரியும், காலை நீட்டினால் மரத்தில் இடிக்கும். நாற்காலிக்கு முதுகு வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் பிளக் பாயின்ட் வேண்டும். வெளிச்சம் நேராக மேசைமேல் விழ வேண்டும். அரை மணி நேரம் மெயில் பார்ப்பவருக்கு இதில் பாதி போதும். மூன்று நாள் தங்கித் தணிக்கை அறிக்கை எழுதுகிறவருக்கு ஒன்று குறைந்தாலும் முதுகு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து ஓட்டலின் விவரப் பக்கம். முன்பதிவுத் தளங்களில் ஓட்டலின் வசதிகள் ஒரு பட்டியலாகவும், ஒவ்வொரு வகை அறையின் வசதிகள் தனிப் பட்டியலாகவும் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. ஒரே ஓட்டலில் சாதாரண அறைக்கு மேசை இல்லாமல், சில நூறு ரூபாய் கூடுதலான அறைக்கு இருப்பது சகஜம். பட்டியலில் மேசை என்று போட்டிருந்தாலும் படத்தைப் பார்க்காமல் நம்பாதீர்கள், சுவரில் பதித்த ஓரடிப் பலகைக்கும் அதே பெயர்தான். ஓட்டல் வைத்த படங்களைவிடத் தங்கியவர்கள் போட்ட படங்கள் உண்மையைச் சொல்லும், அதிலும் கடைசி ஓராண்டுக்குள் எடுத்தவை. அறையைப் புதுப்பிக்கும்போதுதான் மேசையை எடுத்துவிடுகிறார்கள் என்பதால், பழைய படத்தில் மேசை இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை. நட்சத்திரத்தை வைத்தும் ஊகிக்க வேண்டாம். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் தரவகைப்பாட்டுக்கு விண்ணப்பிப்பது ஓட்டல்களின் விருப்பம், கட்டாயமில்லை. எத்தனையோ நல்ல ஓட்டல்கள் அந்தப் பக்கமே போவதில்லை. சின்ன ஊர் லாட்ஜில் உறுதியான மர மேசையும், பெருநகரத்தின் பளபளப்பான புது ஓட்டலில் வெறும் டீப்பாயும் இருக்கலாம்.

இனி ஓட்டலுக்கே நேராகப் போன் செய்யுங்கள். தளத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கும் நீங்கள் பார்க்கிற அதே பட்டியல்தான் தெரியும். ரிசப்ஷனில், “ரூம்ல எல்லா வசதியும் இருக்கா?” என்று கேட்டால், “இருக்குங்க சார்” என்ற பதில்தான் வரும். “லேப்டாப் வெச்சு உட்கார்ந்து வேலை பார்க்க டேபிள் இருக்கா? எத்தனை அடி இருக்கும்? அதுக்குப் போடுற சேர் சாய்ற சேரா, ஸ்டூலா? பிளக் பாயின்ட் டேபிள் பக்கத்துல இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தெரியவில்லை என்றால், ரூம் பாயை விட்டு ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். காலியாக இருக்கும் அறையைப் படம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது, பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பேசி முடித்ததும் அதே எண்ணுக்கோ மெயிலுக்கோ நான்கு வரி எழுதிவிடுங்கள்: எந்தத் தேதி, எந்த வகை அறை, மேசையும் சாய்வு நாற்காலியும் உள்ள அறை என்று இன்னார் உறுதி சொன்னார், அப்படியே ஒதுக்கித் தர வேண்டுகிறேன். ‘சரி’ என்று ஒரு சொல் பதிலாக வந்தாலும் போதும். இந்த நான்கு வரியை இந்த வழிமுறையின் முதுகெலும்பு என்பேன். வாயால் சொன்னது அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்குத் தெரியாது.

போய்ச் சேர்ந்ததும், “ரூமைப் பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்” என்பது நம் லாட்ஜுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம். பெரிய ஓட்டலில் அப்படிக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பெட்டியைத் திறந்து துணியை மாட்டிய பிறகு அறை மாற்றிக் கேட்பதைவிட இருவருக்கும் இதுவே சுலபம். மேசை இல்லாத அறை கிடைத்து, வேறு அறையும் காலியில்லை என்றால், விருந்து மண்டபத்திலிருந்து ஒரு மேசை கேளுங்கள். கூட்ட அரங்கு வைத்திருக்கும் ஓட்டல்களில் பயிற்சி வகுப்புகளுக்குப் போடும் ஒன்றரை அடி அகல மடக்கு மேசைகள் அடுக்கிக் கிடக்கும். அதோடு ரெஸ்டாரன்ட் நாற்காலி ஒன்றும் சேர்ந்தால், பல அறைகளில் நிரந்தரமாகப் போட்டிருப்பதைவிட நல்ல ஏற்பாடு ஆகிவிடும். இதை மாலைக்குள் கேட்டுவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேசை தூக்க ஆள் இருக்காது. அறைக்குள் வந்ததும் சாவி அட்டையை எடுத்தால் எந்த பிளக் அணைகிறது, எது அணையவில்லை என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடப் போன நேரத்தில் லேப்டாப் சார்ஜ் ஏறாமல் போவது இதனால்தான்.

எதுவுமே கிடைக்காத இரவுகளும் வரும். அப்போது இஸ்திரிப் பலகையைக் கேளுங்கள். அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும், லேப்டாப்பின் எடையைத் தாங்கும், நின்றும் வேலை பார்க்கலாம். கண்ணாடி பொருத்திய டிரெஸ்ஸிங் டேபிள் இருந்தால் அதன் உயரம் பெரும்பாலும் மேசை உயரமே. மேலே இருக்கும் கெட்டில், கோப்பை, தட்டு எல்லாவற்றையும் தயங்காமல் அலமாரிக்குள் வையுங்கள். மெத்தைமேல் மட்டும் லேப்டாப்பை வைக்காதீர்கள். அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடு ஏறும். உடம்புக்கும் அது கேடு. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, நிமிர்ந்திருக்கும்போது சுமார் 5 கிலோ இருக்கும் தலையின் பாரம், 60 டிகிரி குனியும்போது கழுத்துக்கு 27 கிலோ அளவு ஆகிறது. அது கணினி மாதிரி வைத்துப் போட்ட கணக்கு, எல்லோர் கழுத்துக்கும் அதே எண் பொருந்தாது. ஆனால் மடியிலும் டீப்பாயிலும் வைத்து மூன்று மணி நேரம் பார்த்தவர்கள், குனியக் குனியப் பாரம் கூடும் என்பதை மறுக்க மாட்டார்கள். மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பவர் ஒரு சின்ன வயர்லெஸ் கீபோர்டும் மவுசும் பையில் வைத்துக்கொள்வது நல்லது. திரையை ஒரு பெட்டிமேல் உயர்த்திவிட்டு கையைத் தாழ வைத்துக்கொள்ளலாம். கூடவே மூன்று சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, யுஎஸ்பியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று. அறைகளின் மங்கலான மஞ்சள் வெளிச்சம் தூங்கப் போகிறவருக்கு இதம், எண்களைச் சரிபார்க்கிறவருக்குக் கண் எரிச்சல்.

லாபி இருக்கிறதே, பக்கத்திலேயே வாடகை அலுவலக இடங்களும் வந்துவிட்டனவே என்பார்கள். பகலில் ஒரு மணி நேரத்துக்கு அவை உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடிட்டர் விரித்து வைத்திருப்பது இன்னொருவரின் வரவு செலவு. டெண்டர் விலை, சம்பளப் பட்டியல், நோயாளியின் விவரம் எதையும் பொது இடத்தில் பின்னால் போகிறவர் கண்ணில் பட வைக்க முடியாது, போனில் பேசவும் முடியாது. இரவு பதினொரு மணிக்குத் தனியாக லாபியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் பயணியிடம் சொல்வது என்னைப் பொறுத்தவரை தீர்வே இல்லை. பூட்டிய கதவுக்குத்தான் அவர் வாடகை கொடுத்திருக்கிறார். இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு: இரவிலும் வேலை பார்க்க வைப்பதே தவறு, மேசையைக் கேட்பதற்குப் பதில் ஓய்வைக் கேட்க வேண்டும் என்பது. ஓய்வைக் கேட்க வேண்டும்தான். ஆனால் மேசையை எடுத்துவிட்டதால் எந்த மேலதிகாரியும் அறிக்கையைத் தள்ளிப்போடவில்லை, வேலை கட்டிலுக்கு வந்ததுதான் மிச்சம். மேசை இருந்தால் முடித்துவிட்டு எழுந்துபோய்ப் படுக்க ஓர் இடம் மிஞ்சும். அறை சின்னது, மேசைக்கு இடமில்லை என்ற ஓட்டல்காரரின் நியாயத்தையும் தள்ளிவிட முடியாது, நகரத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை உண்டு. அதற்குச் சுவரோடு மடங்கும் பலகையும் ஒரு நல்ல நாற்காலியும் போதும். மடங்கும் பலகை இடத்தையே எடுத்துக்கொள்ளாது.

அறையைக் காலி செய்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தளத்தில் மதிப்புரை எழுதும்போது ‘அறை சரியில்லை’ என்று எழுதாமல், எந்த வகை அறை, மேசை இருந்ததா, எத்தனை அடி, நாற்காலி எப்படி என்று எழுதிப் படமும் போடுங்கள். அடுத்து வருகிறவர் தேடுவது அதைத்தான். நல்ல மேசை போட்டிருந்தால் அதையும் மறக்காமல் பாராட்டுங்கள், அதைப் பார்த்துத்தான் மேலாளர் அடுத்த புதுப்பித்தலில் மேசையைக் காப்பாற்ற வாதாடுவார். விவரத்தில் மேசை என்று போட்டுவிட்டுத் தராமல் ஏமாற்றினால், அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவைகளை விலக்கி வைத்திருக்கிறது. கம்பெனி பெயரில் எடுத்த அறை என்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கம்பெனி செலவில் போகிறவர்களுக்குச் சட்டத்தைவிடத் தங்கள் அலுவலகமே கைகொடுக்கும். ஓட்டல்களோடு ஆண்டுதோறும் வாடகை பேசி முடிப்பவர்கள் உங்கள் நிர்வாகப் பிரிவிலோ பயணப் பிரிவிலோ இருப்பார்கள். அவர்கள் பார்ப்பது வாடகை, காலை உணவு, ரத்து விதி. அடுத்த ஒப்பந்தம் பேசும் முன், அதே ஓட்டலில் தங்கிய நாலைந்து பேர் சேர்ந்து அவர்களுக்கு எழுதுங்கள்: எங்களுக்கு ஒதுக்கும் ஒவ்வோர் அறையிலும் 3 அடி மேசை, சாய்வு நாற்காலி, பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள் என்று. ஆண்டுக்கு நூறு அறை எடுக்கும் கம்பெனி இதைக் கேட்டால், மறுக்கும் மேலாளர் அரிது.