பழவேற்காட்டுக்கு ஆட்களை அழைத்துப் போகும் தங்கைக்கு



ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க ஆட்களை அழைத்துப் போகத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரம் முழுக்க ஷிப்டு பார்க்கிறவர்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. சென்னையிலிருந்து காரில் வந்து பூநாரை பார்க்கிறவர்களுக்கு உள்ள உரிமை, பக்கத்திலேயே உழைக்கிற இவர்களுக்கும் உண்டு.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் மீனவர் குப்பத்துப் பெரியவர்களைப் போய்ப் பார்.

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அதனால் வனத்துறை அனுமதி கிடைத்தாலே போதும் என்று தோன்றும். போதாது. சரணாலயம் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே அந்தத் தண்ணீருக்கு ஊர்ச் சட்டம் இருந்தது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் அதைப் பாடு என்பார்கள். இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது. உன்னோடு வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீராகத் தெரிகிற இடத்தில் ஒரு வீட்டின் அன்றைய வருமானம் கிடக்கிறது. எங்கே நிற்கலாம், எப்போது வரக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து கேள். உன் திட்டத்தை அதற்குப் பிறகு சொல்.

வருகிறவர்கள் படகு கேட்பார்கள். 2011 டிசம்பர் 25-ஐ மறந்துவிடாதே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் பயம் விட்டுப்போகிறது. முகத்துவாரம் அப்படியல்ல, அங்கே நீரோட்டம் இழுக்கும், மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அனுமதி இல்லாத படகில் ஒருவரையும் ஏற்றாதே, எவ்வளவு கெஞ்சினாலும்.

கரையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை அலகால் அலசித் தின்னும். கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால் நீ நெருங்கிவிட்டாய் என்று பொருள், அங்கேயே நில். படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடச் சொல்கிறவரை அடுத்த முறை அழைத்து வராதே.

ஆனால் தடை மட்டுமே ஏரியைக் காக்காது என்பது என் எண்ணம். காப்பதில் ஊருக்கு வருமானமும் இருக்க வேண்டும். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் மங்களஜோடி என்று ஒரு ஊர். பறவை வேட்டைக்குப் பேர்போனது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஊராரே பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். வேட்டையாடியவர்களே இப்போது வழிகாட்டிகள். பறவை மிரளாதபடி கழி ஊன்றிப் படகு தள்ளுகிறார்கள். பழவேற்காட்டில் வழிகாட்டுவது, மதியச் சாப்பாடு, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பாடு போலவே முறை வைத்துக் கொடுக்கலாம். பனை ஓலையில் பெட்டி முடையும் பெண்களிடம் நேராக வாங்கச் சொல். நடுவில் ஆள் வேண்டாம்.

பாடு முறையிலும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த உரிமை குறிப்பிட்ட குப்பங்களின் பட்டினவர் சமூக ஆண்களுக்குத்தான். தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. முறை வைப்பதை அங்கிருந்து எடுத்துக்கொள். யாரைச் சேர்ப்பது என்பதை மட்டும் அங்கிருந்து எடுக்காதே. அந்தப் பெண்கள் இறங்கும் ஓரத்தில்தான் உன் கூட்டமும் நின்று படம் எடுக்கும். தங்களைப் படம் எடுக்கக்கூடாது என்று அவர்கள் சொன்னால் அதுவே முடிவு.

காணும் பொங்கலன்று கரை தாங்காத கூட்டம் வரும். அந்த வாரம் போய்ப் பேசினால் யாருக்கும் நேரம் இருக்காது. மார்கழி பிறந்ததுமே வனத்துறை, காவல்துறை, ஊராட்சி, குப்பத்துப் பெரியவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வை. குப்பையை யார் அள்ளுவது, குளிக்க இறங்குகிறவர்களை யார் தடுப்பது, வண்டி எதுவரை வரலாம் என்று பேசி, ஆள் பேர் போட்டு எழுதி வாங்கு. இருளர் பெண்கள் ஏரியிலிருந்து கரையேறும் நேரத்தை முதலில் கேட்டுவிட்டு, அவர்களும் வரும்படி இந்தக் கூட்டத்துக்கு நேரம் குறி.

அன்புடன்,
உன் அண்ணன்