ஆய்வுகூடப் பிராணிகளும் நெறிமுறைக் குழுவும்

பெங்களூரில் 1909-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தில், ஆராய்ச்சிக்குரிய பிராணிகளைப் பேணுவதற்கென மத்திய பிராணிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு சுண்டெலியைச் சோதனைக்கு எடுக்க விரும்புபவர், எத்துணைப் புகழ் வாய்ந்த விஞ்ஞானியாயினும், முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறல் வேண்டும். இது அக்கழகத்திற்கு மட்டும் உரிய வழக்கமன்று. நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம்.

இராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவின் தூண்டுதலால், அரசாங்கமே 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. அறிவு வளர்ச்சிக்கும் நோய் தீர்ப்பதற்கும் நடைபெறும் சோதனைகளை அனுமதித்து, அவற்றை மேற்பார்க்க ஒரு குழுவை அமைக்கவும் வகை செய்தது. அக்குழுவின்கீழ் நிறுவனந்தோறும் நெறிமுறைக் குழு இயங்க வேண்டுமென 1998-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விஞ்ஞானிகள், கால்நடை மருத்துவர் ஆகியோருடன், விஞ்ஞானியல்லாத சமூகப் பொறுப்புள்ள ஒருவரும் அதில் அமர்கிறார். துறை வல்லுநர் கேட்க மறந்த எளிய கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் இவரே.

விண்ணப்பத்தில் ஆய்வாளர் பல வினாக்களுக்கு விடை தர வேண்டும். பிராணியின்றி இதனை அறிய வழியில்லையா? இந்த இனம் ஏன்? எண்ணிக்கை எவ்வாறு கணக்கிடப்பட்டது? வலியைத் தணிக்க என்ன ஏற்பாடு? சோதனை முடிந்தபின் அதன் கதி என்ன? எண்ணிக்கையைப் பற்றிய வினா கடினமானது. மிகுதியாகக் கேட்டால் வீண் உயிர்ச்சேதம். மிகக் குறைத்துக் கேட்டாலோ முடிவு உறுதிப்படாமல், பயன்பட்ட பிராணிகள் அனைத்தும் வீணாகும். நாய், குரங்கு போன்ற பெரிய பிராணிகளுக்கு மத்தியக் குழுவின் அனுமதியும் தேவை.

கூண்டைப் பராமரிக்கும் ஊழியரின் கடமையும் சிறியதன்று. நெருக்கடியிலும் அச்சத்திலும் வாழும் எலியின் உடலில் சில சுரப்பு நீர்கள் மிகுந்து, நோய் எதிர்ப்பாற்றல் மாறுபடும். அதனிடம் பெற்ற அளவீடு பிழைபடும். ஆகவே இரக்கமும் துல்லியமும் இங்கே ஒரே வேலையாகின்றன.

ஆசிரியர்களையும் இச்சட்டம் தொடுகிறது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூல், மாதிரியுரு, திரைப்படம் ஆகியவை போதுமானவிடத்துப் பிராணிச் சோதனையைத் தவிர்க்க வேண்டுமென்பது அதன் 17-ஆம் பிரிவு. கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்வதையும் இயன்றவரை தவிர்க்குமாறு அப்பிரிவு கூறுகிறது. தவளையின் இதய அறைகளை மாணவருக்கு விளக்க நல்ல மாதிரியுரு ஒன்று இருப்பின், ஏரிக்கரைத் தவளையைப் பிடித்துவரத் தேவையில்லை.