கூடி வாழும் கற்பாசி

ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ நிற்கும் முதிய மாமரம் ஒன்றன் அடிமரத்தை உற்று நோக்குங்கள். சுண்ணாம்பு தெறித்தாற்போன்ற வெளிறிய திட்டுகள் சில பட்டையில் ஒட்டியிருக்கக் காணலாம். இதனை மரத்தைப் பற்றிய நோய் என்று எண்ணிச் சுரண்டி எறிவோர் உளர். இது நோயன்று, தனியோர் உயிர். அறிவியலார் இதனை லைக்கன் என்பர். மலைநாட்டு மரங்களிலும் பாறைகளிலும் வளர்ந்து, நம் அடுக்களையில் மணப்பொருளாக விளங்கும் கற்பாசியும் இவ்வினத்ததே. நீங்கள் ஆய்வகத்தில் காணும் லிட்மசுத் தாளின் சாயமும் லைக்கன்களிலிருந்தே பெறப்பட்டது.

பாசி என்று பெயர் பெறினும் இது பாசி மட்டும் அன்று. பூஞ்சை ஒன்றும் பாசி ஒன்றும் கூடி ஓருடலாய் வாழும் வாழ்க்கையே லைக்கன். இவ்வுண்மையைச் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சைமன் சுவெண்டனர் 1867ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அக்காலத்து அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். பின்னரே உலகம் உடன்பட்டது. பாசி கதிரவன் ஒளியால் உணவு ஆக்குகிறது. பூஞ்சை அதற்கு உறைவிடம் தந்து, ஈரத்தைக் காத்து, கடுவெயிலைத் தடுக்கிறது. தனித்து நிற்பின், வெயில் காயும் பட்டையில் பாசி உலரும். பூஞ்சை உணவின்றி மடியும். கூடியமையால் இரண்டும் வாழ்கின்றன.

லைக்கனுக்கு வேர் இல்லை. ஆதலின் அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழையும் பனியும் காற்றும் கொணர்வனவற்றையே தன் உடல் முழுவதாலும் ஏற்கிறது. நல்லதை ஏற்று அல்லதை விலக்கும் ஆற்றல் அதற்கு இன்மையால், காற்றிற் கலந்த நஞ்சும் உடன் புகுகிறது. கந்தகப் புகை மிக்க இடங்களில் லைக்கன் இனங்கள் பல அழிந்தொழியும். தாங்கவல்ல சிலவே எஞ்சும். பாரிசு நகரின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் செழித்திருத்தலையும், நகரின் பிற பகுதிகளில் அவை அருகியிருத்தலையும் கண்ட நைலாண்டர் என்னும் அறிஞர், இவை காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோல் என 1866ஆம் ஆண்டிலேயே கூறினார்.

அம்பத்தூரில் 1960களில் பெருந்தொழிற்பேட்டை எழுந்தது. பல்லாயிரவர்க்கு அது பிழைப்பளித்தது, ஊரும் வளர்ந்தது. தொழில் வேண்டும், தூய காற்றும் வேண்டும். மரப்பட்டையிலுள்ள லைக்கன் உட்கொள்ளும் காற்றையே அம்மரத்தடியில் விளையாடும் சிறுவரும் உயிர்க்கின்றனர். லைக்கனுக்கு நேரும் கேடு அச்சிறுவர்க்கும் முன்னறிவிப்பாகும்.

லைக்கன்களுள் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்வன. பல்லாண்டு வளர்ச்சியை ஒரு நகக்கீறல் நொடியில் அழித்துவிடும். ஆகவே, மாணவர்களே, அதனைச் சுரண்டாது நின்று நோக்குங்கள். உங்கள் தெருவில் எம்மரத்தில் அது உளது, எம்மரத்தில் இலது எனக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரின் காற்று எந்நிலையில் உள்ளது என்பதை அறிய அஃது உங்கட்குத் துணை செய்யும்.