நியூயார்க் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? போன் விஷயத்தில் கவனம்!

நியூயார்க் மாநில அரசுப் பள்ளிகளில் 2025 செப்டம்பரிலிருந்து, காலை முதல் மணி தொடங்கி கடைசி மணிவரை ஸ்மார்ட்போனுக்குத் தடை. சாப்பாட்டு இடைவேளையிலும் தொடக்கூடாது. அங்கே குடியேறும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

● ஸ்மார்ட் வாட்ச், டேப்லெட்டுக்கும் இதே கதிதான். பள்ளியே பாடத்துக்குத் தரும் கருவிகளுக்குத் தடையில்லை. இணைய வசதி இல்லாத சாதாரண போனும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அவசரத்துக்கு ஏதாவது கையில் இருக்கட்டும் என்பவர்கள், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதை வாங்கிக் கொடுக்கலாம்.

● பகலில் பிள்ளையைத் தொடர்புகொள்ள பெற்றோருக்குப் பள்ளி ஒரு வழி ஏற்படுத்தித் தந்தாக வேண்டும். அது என்னவென்று முதல் நாளே கேட்டுக் குறித்து வையுங்கள். 'சாப்பிட்டியா கண்ணு?' என்று நடுவகுப்பில் மெசேஜ் அனுப்புவதை முதலில் நாம் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் போனை எடுப்பதற்குப் பாதிக் காரணம் நாம்தானே!

● சர்க்கரை அளவைப் போனில் பார்க்க வேண்டிய பிள்ளையா? மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு. ஆங்கிலம் பழகாத பிள்ளைக்கு மொழிபெயர்ப்புக்காகவும் கிடைக்கும். மருத்துவச் சான்றுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

● போனை வைக்கும் இடம் பள்ளிக்குப் பள்ளி மாறும்: லாக்கர், பூட்டும் பை, அலமாரி. எதுவானாலும் போனின் மேல் பெயர் ஒட்டிவிடுங்கள்.

● போன் பார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக மாணவனை இடைநீக்கம் செய்ய இந்தச் சட்டத்தில் இடமில்லை.