பவர் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள்

முதன்முறையாகக் கண் மருத்துவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்ற கணக்கோடுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். சுவரில் இருக்கும் எழுத்தைப் படிப்பது, சீட்டு வாங்குவது, கண்ணாடிக் கடைக்குப் போவது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். அங்கே ஒரு சிஸ்டர் சொட்டு மருந்துக் குப்பியோடு வந்து, "மருந்து விட்டா கண் பாப்பா விரிய அரை மணி நேரம் ஆகும்மா, கண்ணை மூடி உட்கார்ந்திருங்க" என்று சொன்னதும் சிலர் எழுந்துவிடுகிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு, இன்னொரு நாள் வருகிறோம் என்கிறார்கள். கண்ணாடிச் சீட்டு கையில் கிடைத்த பிறகு இன்னும் என்ன பரிசோதனை என்பது அவர்கள் எண்ணம்.

அந்தச் சொட்டு மருந்துக்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான கண் பரிசோதனை.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்தது. அன்றிலிருந்து பவர் கூடும்போதெல்லாம் கண்ணாடிக் கடையிலேயே கம்ப்யூட்டரில் பார்த்து மாற்றிக்கொள்வார். கண் மருத்துவர் என்று ஒருவரைப் பார்த்ததே இல்லை. அறுபதைத் தாண்டிய பிறகு, பெரியம்மாவின் வற்புறுத்தலால் மதுரை அண்ணாநகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஆரம்பக் கட்டப் பரிசோதனைகளை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதனால் முதன்முறை போகிறவருக்கு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே நாலைந்து இடங்களில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். இது அலைக்கழிப்பு இல்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு விஷயத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது பாதி விவரம் தாளில் தயாராக இருக்கும்.

முதலில் எழுத்துப் பலகை. ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862இல் வகுத்த முறை இன்றும் தொடர்கிறது. ஆறு மீட்டரில் படிக்க வேண்டியதை ஆறு மீட்டரிலேயே படித்துவிட்டால் 6/6. நல்ல பார்வை உள்ளவர் அறுபது மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய பெரிய எழுத்து, ஒருவருக்கு ஆறு மீட்டரில்தான் தெரிகிறது என்றால் 6/60. தமிழ் எழுத்துப் பலகையும் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு, மூன்று கால்களோடு நாலு பக்கமும் திரும்பியிருக்கும் குறியைக் காட்டுவார்கள். கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும்.

பெரியப்பா இதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். வரிசையில் நிற்கும்போதே கீழ் வரியைப் பார்த்து மனப்பாடம் செய்தார். பலர் செய்வதுதான். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னால் தவறான பவர்தான் கையில் கிடைக்கும். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா?" என்று கேட்கும்போதும் இதே பதற்றம் வருகிறது. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்பதும் சரியான பதில்தான். அந்தப் பதிலை வைத்துத்தான் அவர்கள் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் நாட்களில் கண்ணின் பவரே மாறிவிடும். அப்போது எழுதிய கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் பொருந்தாமல் போகும்.

அடுத்தது கண்ணின் அழுத்தம். சில இடங்களில் கருவி கண்ணை நோக்கிக் காற்றை ஊதும். திடுக்கென்று இருக்கும், வலி இருக்காது. சில இடங்களில் மரத்துப்போகும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பான அளவு என்பார்கள்.

பிறகுதான் அந்தச் சொட்டு மருந்து. கொஞ்சம் எரியும், தொண்டையில் லேசாகக் கசக்கும். விரியாத பாப்பா வழியாக உள்ளே பார்ப்பது சாவித் துவாரம் வழியாக அறையைப் பார்ப்பதுபோலத்தான். விரிந்த பிறகு விழித்திரையின் ஓரம் வரைக்கும் மருத்துவரால் பார்க்க முடியும். மருந்தின் வேகம் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். அதுவரை வெயில் கூசும், பக்கத்தில் உள்ள எழுத்து மங்கும், செல்போன் படிக்க முடியாது. பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறவர்கள் திரும்பி வரும்போது படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். துணைக்கு ஒரு ஆளும், ஒரு கூலிங் கிளாஸும் வேண்டும்.

மருத்துவர் தன் அறையில் பெரியப்பாவின் முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றால் கண்ணின் முன்பகுதியைப் பார்த்தார். பிறகு கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, "மேலே பாருங்க, காதுப் பக்கம் பாருங்க" என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். வெளிச்சம் கடுமையாக இருந்தது. பெரியப்பாவின் கண்ணில் நீர் வழிந்தது. கண்ணாடியோடு அவருக்குப் பார்வை 6/6. ஆனால் பார்வை நரம்பு கண்ணுக்குள் வந்து சேரும் இடத்தில் குழிவு அதிகமாக இருப்பதாக அந்த மருத்துவர் சொன்னார். கிளாக்கோமா. கண் நீர் அழுத்த நோய் என்றும் சொல்கிறார்கள். வலியில்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத்தான் அது முதலில் அரிக்கும். நேர்ப் பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால், எழுத்துப் பலகை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. போன பார்வை திரும்பாது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தை விடாமல் போட்டால், மீதியைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்ளலாம்.

நோயை உறுதிப்படுத்த ஒரு பார்வைப் பரப்புச் சோதனை. அரைக்கோளம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே வெளிச்சப் பொட்டு மின்னும்போது பட்டனை அழுத்த வேண்டும். பல பொட்டுகள் யாருக்குமே தெரியாத அளவுக்கு மங்கலாகத்தான் வரும். இது தெரியாமல் போகிறவர்கள் பாதியிலேயே மனம் சோர்ந்துவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

"உங்க கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் வந்து பார்த்துக்கணும் சார்" என்று மருத்துவர் சொன்னதால்தான் என் அப்பாவும் சித்தப்பாவும் நானும் முதன்முறையாகக் கண்ணைக் காட்டினோம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எனவே போகும் முன் குடும்பத்தில் யாருக்குக் கண் நோய் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு இரண்டையும் கையோடு எடுத்துப் போவது அவசியம். கண்ணுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். முடக்குவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நீண்ட காலம் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், கண்புரை அறுவை சிகிச்சையின்போது பாப்பாவைச் சரியாக விரியவிடாது. மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போட்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் மறைக்கக் கூடாது. அது அழுத்தத்தை ஏற்றும், புரையை வரவழைக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே போகலாம்.

குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒருமுறை காட்டிவிட வேண்டும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் குழந்தைக்கு அது தெரியாது, மற்றொரு கண் சமாளித்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் அந்தச் சோம்பேறிக் கண்ணைச் சரிசெய்வது எளிது, தள்ளிப்போகப் போகக் கடினம். சர்க்கரை நோயாளிகள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, விழித்திரை கிழிந்தோ விலகியோ இருக்கலாம். அதற்கு முன்பதிவுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போய், பதிவு செய்யும் இடத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.